ஏரியா, கடலா: தூண்டிலை முதலில் எங்கே போடுவது?

புதுத்தூண்டில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதைத் தாண்டியபின் தூண்டில் பிடிக்கும் ஆசை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை மட்டுமே எனக்கு நேரம் கிடைக்கும். ஒரு பெரிய ஏரியும் கடற்கரையும் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருப்பதால், அருகில் இருப்பதற்குப் போங்கள் என்ற பதில் எனக்கு உதவாது.

இரவல் கோலுடன் இரண்டு இடத்துக்கும் ஒவ்வொரு முறை போய்வந்தேன். ஏரியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் தக்கை ஐந்தாறு தடவை நடுங்கியது. ஒவ்வொரு தடவையும் இரை போய் வெறும் முள்தான் வந்தது. கடலில் அதே கோலை வீசியபோது, ஈயம் அலையோடு உருண்டு ஐந்து நிமிடத்தில் என் காலடிக்கே திரும்பிவிட்டது. நரம்பில் சுற்றிய பாசியைப் பிரிப்பதிலேயே பொழுது போயிற்று.

பதினொரு வயது மகளும் உடன் வர விரும்புகிறாள். முதல் ஓராண்டுக்கு ஏதேனும் ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே கோலும் ரீலும் இரண்டுக்கும் போதுமா? கடலில்தான் மீன் அதிகம் கிடைக்கும் என்று பலரும் சொல்வது உண்மையா?

ஏரிக்கரையான்

வணக்கம் நண்பரே. முள் வெறுமையாக வந்ததை நீங்கள் தோல்வியாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. நீங்கள் போட்ட இடத்தில் மீன் இருந்தது, போட்ட இரையை அது விரும்பியது, நீங்கள் இழுக்கும் முன் துப்பிவிட்டது. கெண்டை இனத்து மீன்கள் இரையைக் கடிப்பதில்லை. தண்ணீரோடு சேர்த்து வாய்க்குள் உறிஞ்சிப் பார்த்து, வேண்டாததை அதே வேகத்தில் வெளியே தள்ளும். அவற்றின் பற்கள் தாடையில் இல்லாமல் தொண்டையில் இருப்பதால், வாயில் நுழைந்ததெல்லாம் விழுங்கப்பட்டதாக ஆகாது. அந்த இரண்டு விநாடியைத் தக்கை உங்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். பருத்த தக்கையைப் போட்டிருந்தால் அது இலேசாக நடுங்குவதோடு நின்றுவிடும்.

ஆகவே மெல்லிய குச்சித் தக்கை ஒன்றை எடுத்து, அதன் நுனி மட்டும் ஒரு விரற்கடை அளவு வெளியே தெரியும்வரை சிறு ஈயக்குண்டுகளை நரம்பில் கடித்து வையுங்கள் (பல்லால் அன்று, குறட்டால், ஈயம் நஞ்சு). பத்து அல்லது பன்னிரண்டாம் எண் முள்ளும், பட்டாணி அளவு இரையும் போதும். பிறகு ஆழம் பார்க்க வேண்டும். முள்ளில் கொஞ்சம் கனமான ஈயத்தைத் தற்காலிகமாக மாட்டி நீரில் விடுங்கள். தக்கை மூழ்கிப்போனால் நரம்பின் நீளம் போதவில்லை. தக்கை படுத்துக்கொண்டால் நீளம் மிகுதி. நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நின்றால் இரை தரையைத் தொடுகிறது என்று பொருள். அளவு பார்த்தபின் அந்த ஈயத்தைக் கழற்றிவிட வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாதவர்கள்தான் ஏரிக்கரையில் அதிகம் என்பது என் கணிப்பு.

எங்கே உட்கார்வது என்பதிலும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதியவர்கள் நடு ஏரியை நோக்கி முடிந்த மட்டும் தூரமாக வீசுகிறார்கள். வெயில் காலத்தில், ஆழமான ஏரியாக இருந்தால், அது பெரும்பாலும் வீண். மேல்நீர் சூடாகி இலேசாகிவிடுகிறது. குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்கிவிடுகிறது. இரண்டும் கலக்காத நிலையில், மக்கும் பொருள்கள் அடிநீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுவதால் மீன் அங்கே தங்குவதில்லை. நீர்ச்செடிகளின் ஓரம், விழுந்து கிடக்கும் மரம், சரிவு தொடங்கும் இடம் ஆகியவற்றைத் தேடுங்கள். சில நாள்களாக ஒரே திசையில் காற்று வீசியிருந்தால், காற்று எந்தக் கரையில் வந்து மோதுகிறதோ அந்தக் கரைக்குப் போங்கள்; முகத்தில் காற்று அடிப்பது தொல்லைதான், ஆனால் நுண்ணுயிர்களும் அவற்றை உண்ணும் சிறுமீன்களும் அந்தப் பக்கமாகவே ஒதுங்கியிருக்கும்.

இன்னொன்று. விடியற்காலையே மீனுக்கு நல்ல நேரம் என்பது எல்லா ஏரிக்கும் பொருந்தாது. செடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரில், இரவெல்லாம் செடிகளும் பாசியும் ஆக்சிஜனை உள்ளிழுப்பதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போது பார்க்கலாம். அந்த நேரத்தில் எந்த இரையும் எடுபடாது. வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தால் அதே இடம் உயிர்பெற்றுவிடும். விரால் மட்டும் விலக்கு; செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் அது காற்றையே சுவாசிக்கும் என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு அமிழும்போது நீரில் எழும் 'பொளக்' என்ற ஒலியை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்கமாட்டீர்கள். செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தோடு சுற்றும் விராலை மட்டும் விட்டுவிடுங்கள். காவலுக்கு நிற்கும் தாய்தந்தையரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

என் பரிந்துரை ஏரிதான். காரணம் எளிது என்பதற்காக அன்று. இந்த ஞாயிறு நீங்கள் பார்த்த ஓரமும் செடியும் சரிவும் அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும். எனவே ஒன்றை மாற்றினால் என்ன நடக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் உள்ளவருக்கு அந்த நிலைத்தன்மை பெரிய உதவி.

உப்புக்காற்று

மேலே நண்பர் எழுதியதில் ஏரியைப் பற்றிய எதையும் நான் மறுக்கவில்லை. கடல் நிலையற்றது என்ற குறிப்பை மட்டும் ஏற்க முடியவில்லை. கடலும் ஓர் ஒழுங்கில்தான் மாறுகிறது, அந்த ஒழுங்குக்கு நாட்காட்டி வேண்டும், அவ்வளவே.

பெரும்பாலான கரைகளில் கடல்நீர் உயரும் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்றைய ஏற்றம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். உங்களைப் போல் ஞாயிறு மட்டும் போகிறவர் இதைக் கட்டாயம் கணக்கிட வேண்டும்: ஏழு நாளில் தள்ளிப்போவது ஏறத்தாழ ஆறு மணி நேரம். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருந்தால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு வற்றம் முடிந்திருக்கும். அதற்கடுத்த ஞாயிறுதான் முதலில் பார்த்த கடல் திரும்ப வரும். 'போன வாரம் நன்றாகக் கிடைத்தது, இந்த வாரம் ஒன்றுமில்லை' என்று புலம்பும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்களில் பாதிப்பேர், இரண்டு வெவ்வேறு கடல்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்தான். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு போனாலும் போதும், ஏறத்தாழ அதே கடலைப் படிக்கலாம். ஒரு நாளில் ஒரே ஏற்றம் வரும் கரைகளும், நீர்மட்டம் ஒரு முழம்கூட மாறாத கரைகளும் உலகில் உண்டு என்பதால், உங்கள் கரையின் ஓத அட்டவணையை (ஏற்றமும் வற்றமும் வரும் நேரப் பட்டியலை) முதலில் பாருங்கள்.

ஏற்றத்திலும் எல்லா மணி நேரமும் ஒன்றல்ல. ஆறு மணி நேரம் ஏறும் நீரில் ஏறத்தாழ பாதி, நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். நீரோட்டம் வலுத்து மணலைக் கிளறி, அதற்குள் இருக்கும் புழுவையும் சிப்பியையும் வெளிக்கொண்டுவருவதும் அப்போதுதான். மீன் கரையை நெருங்கி மேயும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் இந்த ஓட்டம் இன்னும் வலுக்கும்.

ஈயம் காலடிக்குத் திரும்பியதைப் பற்றி: அலை உடையும் கரையில் உருண்டை ஈயம் நிற்காது. நான்கு கம்பிக்கால்கள் விரிந்த ஈயம் மணலைப் பற்றிக்கொள்ளும். நூறு கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த எடையை வீசவும், முன்னலைகளுக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும் நான்கு மீட்டர் அளவு நீளமான கோல் வேண்டும். கடற்கரையில் கோல் நீளமாக இருப்பது வெறும் தூரத்துக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நரம்பு அலையில் படாமல் இருந்தால்தான் பாசியும் சுற்றாது.

எங்கே வீசுவது என்றால், முதலில் கோலை மணலில் நட்டுவிட்டு உயரமான இடத்தில் நின்று கால் மணி நேரம் பாருங்கள். அலை வெள்ளையாக உடையும் இடத்தில் மணல் திட்டு இருக்கிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில், அலை உடையாமல் நிறம் சற்றுக் கருத்திருக்கும் பகுதி பள்ளம். கிழங்கானும் மடவையும் அந்தப் பள்ளத்தில்தான் திரியும், கொடுவா அவற்றைத் தேடி வரும். பள்ளம் கரையிலிருந்து நாற்பது மீட்டரில் இருக்கையில் நூறு மீட்டர் வீசுவது மீனின் தலைக்கு மேலாக வீசுவதாகும். திட்டு அறுந்து நீர் கடலை நோக்கி ஓடும் வழியும் அமைதியாகத்தான் தெரியும். மீனுக்கு அது நல்ல பாதை, மனிதருக்கு ஆபத்தான இழுவை. மகளை அங்கே காலை நனைக்கக்கூட விடாதீர்கள். யாரேனும் சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி இழுவையைவிட்டு விலகியபின்தான் கரை திரும்ப வேண்டும்.

கடலில் மீன் அதிகமா என்றால், எண்ணிக்கையில் அப்படிச் சொல்ல மாட்டேன். வகை அதிகம். ஏரியில் தக்கை ஆடும்போது வருவது நாலைந்து இனங்களில் ஒன்றாக இருக்கும். கடலில் கோல் நுனி வளையும்போது அடுத்து எது வரும் என்று முப்பது ஆண்டு அனுபவத்திலும் என்னால் சொல்ல முடிவதில்லை. அதற்கு விலையாக, ஒன்றுமே கிடைக்காத நாள்களும் கடலில்தான் அதிகம். அந்த வெறுமையை உங்கள் மகள் தாங்குவாளா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

நரம்புமுடிச்சு

ஒரே கோல் இரண்டுக்கும் போதுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அலை உடையும் கரைக்கும் ஏரிக்கும் சேர்த்து ஒரே கோல் போதாது. 2.7 மீட்டர் நீளமும் 15 முதல் 40 கிராம்வரை வீசும் திறனும் உள்ள கோலுடன், 4000 எண் ரீலைச் சேர்த்துக்கொண்டால் ஏரி, ஆற்றுமுகம், அலை அடங்கிய தடுப்புச்சுவர் ஓரம் ஆகிய இடங்களுக்குப் பயன்படும். அதில் நூறு கிராம் ஈயத்தைக் கட்டி முழுவீச்சில் வீசினால் கோல் முறியும், அல்லது நரம்பு அறும். நரம்பு அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும் என்பதை நேரில் பார்த்தவன் நான். அன்று பக்கத்தில் நின்றவரின் தொப்பியோடு போயிற்று. கனமான ஈயத்தை வீசும்போது முன்பகுதியில் தடித்த முனை நரம்பு கட்டாயம். 28 கிராம் ஈயத்துக்கு 4.5 கிலோ தாங்குதிறன் என்ற கணக்கில், 112 கிராமுக்கு 18 கிலோ தாங்கும் நரம்பு வேண்டும். வீசும் நேரத்தில் அதன் முடிச்சு ரீலுக்குள் இருந்து, அதன்மேல் அந்தத் தடித்த நரம்பே நாலைந்து சுற்றுச் சுற்றியிருக்கும் அளவு அது நீளமாக இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் பின்னல் நரம்பு வேண்டாம், சாதாரண நைலானே நல்லது. பின்னல் நீளாது, அதனால் கடி தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான். புதியவரின் அவசர இழுப்பில் அதே காரணத்தால் மீனின் வாய் கிழிந்துவிடும். நைலான் இழுபட்டுக் கொடுத்து உங்கள் தவற்றைப் பொறுத்துக்கொள்ளும். ஏரிக்கு 0.22 மில்லிமீட்டர், கடற்கரைக்கு 0.35 மில்லிமீட்டர் என்ற அளவில் தொடங்குங்கள்.

கடலைத் தேர்ந்தெடுத்தால், வீடு திரும்பியபின் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் முதல் ரீலைக் குழாயின் முழு வேகத்தில் கழுவி, பளபளப்பாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துக் கைப்பிடி அசையவே இல்லை. வேகமாக அடித்த தண்ணீர் உப்பை உள்ளேயிருந்த பேரிங்குகளுக்குள் தள்ளியிருந்தது; உப்போ காற்றின் ஈரத்தை வாங்கிவைத்துக்கொண்டு இரும்பை அரித்திருந்தது. டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்து, துடைத்து நிழலில் உலர்த்தியபின் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஏரி ரீலுக்கு இவ்வளவு உபசாரம் தேவையில்லை.

கழிமுகம்

இரண்டும் வேண்டாம், ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போங்கள். அலை இருக்காது, ஓதம் இருக்கும், தக்கையும் போடலாம். சேறும் கொசுவும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஏரிக்கரையான்

கழிமுகத்தில் சேறு முழங்கால்வரை இழுக்கும் இடங்கள் உண்டு என்பதையும் மறைக்காதீர்கள் நண்பரே. சிறுமியோடு போகிறவருக்கு அது முதல் இடம் அன்று.

பிள்ளை உடன் வருவதால் இன்னும் சில வார்த்தைகள். எந்த நீரானாலும் தூண்டில் முள்ளின் நுனிக்கு அருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனிலிருந்தும், நாளை விரலில் ஏறினால் விரலிலிருந்தும், எளிதாக வந்துவிடும். கையை நனைக்காமல் மீனைத் தொட்டால் அதன் உடலைக் காக்கும் வழவழப்பு உரிந்துவிடும்; திரும்ப விடப்போகும் மீனானால் இது முக்கியம். கெளுத்தி வகைகளுக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள் உண்டு. பக்கமுள்ளால் குத்தும் தேளி மீனுக்கு அந்தப் பெயரை முன்னோர் சும்மா வைக்கவில்லை. கடலில் திருக்கையின் வால்முள் அதைவிடக் கொடியது. குத்துப்பட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும்; திருக்கை குத்தினால் அதோடு மருத்துவரிடமும் போக வேண்டும். பேத்தை மீன் மாட்டினால் தொடாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. இடி கேட்டால் ஏரியானாலும் கடலானாலும் உடனே கிளம்புங்கள். நிமிர்த்திப் பிடித்த கார்பன் கோல் மின்னலுக்குக் கை நீட்டுவதற்குச் சமம்.

உப்புக்காற்று

கடற்பாறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணற்கரையில் நிற்கும்போது கடல் மன்னிக்கும், பாறையில் மன்னிக்காது. சிறிய அலைகளாகவே வந்துகொண்டிருக்கும் இடத்தில் பல நிமிடங்களுக்கு ஒருமுறை பெரிய அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரும். முதல் ஆண்டில் மகளோடு பாறைமேல் ஏறவே வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து.

புதுத்தூண்டில்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நரம்புமுடிச்சு சொன்ன 2.7 மீட்டர் கோலை வாங்கிக்கொண்டு, நான்கு ஞாயிறு ஏரிக்குப் போனோம். முதல் ஞாயிறு ஆழம் பார்ப்பதிலேயே ஒரு மணி நேரம் ஆயிற்று. தக்கை மூழ்கியது, படுத்தது, மூழ்கியது, கடைசியில் நின்றது. அன்று உள்ளங்கை அளவுத் திலேப்பியா இரண்டு கிடைத்தன, இரண்டையும் விட்டுவிட்டோம்.

மூன்றாம் ஞாயிறு நடந்ததைக் கேட்கவே எழுதுகிறேன். எட்டு மணி சுமாருக்குத் தக்கை மூழ்கவில்லை. மாறாக, நிமிர்ந்து நின்ற தக்கை மெதுவாக மேலே எழுந்து அப்படியே சாய்ந்து படுத்தது. நான் ஈயம் கழன்றுவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருக்கையில் மகள் கோலை எடுத்து இழுத்துவிட்டாள். முழங்கை நீளக் கெண்டை. தக்கை ஏன் மேலே வந்தது? அவளிடம் கேட்டால், 'வழக்கமில்லாமல் ஏதோ நடந்தது, அதனால் இழுத்தேன்' என்கிறாள்.

ஐந்தாம் ஞாயிறு மட்டும் அவளது ஆசைக்காகக் கடற்கரைக்குப் போனோம். கோல் பொருத்தமில்லை என்று தெரிந்தே போனதால் வீசவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றோம். ஏற்றம் முடியும் நேரம், எங்கும் ஒரே நுரை. திட்டும் பள்ளமும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

ஏரிக்கரையான்

முள்ளுக்கு அருகில் வைத்த ஈயக்குண்டு தரையில் படுத்திருக்கும். மீன் தலையைக் கீழே குனிந்து இரையை எடுத்தபின் நிமிர்கிறது. அப்போது அந்தக் குண்டையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. கீழே இழுத்துக்கொண்டிருந்த எடை நீங்கியதும் தக்கை எழுந்து சாய்கிறது. தரையில் மேயும் பெரிய மீன் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கும். தக்கை மூழ்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. உங்கள் மகளுக்குத் தனியாக ஒரு கோல் வாங்கிக்கொடுங்கள்.

உப்புக்காற்று

நிறைந்த கடலில் பள்ளம் யாருக்கும் எளிதில் தெரியாது. ஐந்தாம் ஞாயிறு காலை ஏற்றம் என்றால், வரும் ஞாயிறு அதே நேரத்தில் வற்றம். அன்றும் கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். வெளியே தெரியும் திட்டு எங்கே தொடங்கி எங்கே அறுகிறது, நீர் தேங்கி நிற்கும் பள்ளம் கரையிலுள்ள எந்த மரத்துக்கு நேராக இருக்கிறது என்று மகளை வரையச் சொல்லுங்கள். அதற்கடுத்த ஞாயிறு அந்தப் பள்ளத்தில் நீர் ஏறியிருக்கும். என்னிடம் நான்கு மீட்டர் கோல் கூடுதலாக ஒன்று இருக்கிறது. எந்த மரம் என்று மட்டும் எழுதுங்கள், அதை எடுத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு வந்துவிடுகிறேன்.